தொழிலாளர் ஊரில் பழமைக் கட்சிகள்

தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் எந்தக் கட்சி வென்றது, எந்தக் கட்சி தோற்றது என்றுதான் நாம் பேசிக்கொள்கிறோம். ஏன் வென்றது, ஏன் தோற்றது என்று கேட்பவர்கள் சிலரே. இந்தப் பேச்சில் அந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். உழைப்பவர்களின் கட்சிகளுக்குச் செல்வாக்குள்ள ஓர் ஊரில், பழமை பேணும் கட்சிகள் எப்படிப் பிழைக்கின்றன? எப்போது வளர்கின்றன? எப்போது விழுகின்றன? இதற்கான விடை நம் பக்கத்திலேயே, பினாங்கில் இருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழமைக் கட்சி என்பது வசைச் சொல் அன்று. உள்ள அமைப்பு நிலைக்க வேண்டும். சொத்துரிமையும் சமயமும் அரச மரபும் காக்கப்பட வேண்டும். மாற்றம் வருவதானால் மெல்ல வரட்டும் என்பது அத்தகைய கட்சிகளின் கொள்கை. சமூக ஜனநாயகக் கட்சிகளின் கொள்கை வேறு. வாக்குச் சீட்டின் வழியாகவே ஆட்சியைப் பிடித்து, உழைப்பவர்க்கு வீடு, மருத்துவம், கல்வி, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றை அரசே உறுதி செய்ய வேண்டும் என்பார்கள் அவர்கள். தோட்டத்து வழக்கில் சொன்னால் இன்னும் எளிது. லயத்துக் கூரை ஒழுகுகிறது. "பொறுங்கள், துரையிடம் பேசிச் செய்து தருகிறோம்" என்கிறார் ஒருவர். "ஒழுகாத கூரை உங்கள் உரிமை, அதைச் சட்டத்தில் எழுதுவோம்" என்கிறார் இன்னொருவர். இருவரும் நம்மிடம்தான் வாக்குக் கேட்கிறார்கள்.

சமூக ஜனநாயகத்திற்குப் பெயர்பெற்ற நாடு ஐரோப்பாவின் வடக்கே உள்ள சுவீடன். 1932-ஆம் ஆண்டிலிருந்து 1976 வரை, இடையில் சில மாதங்கள் தவிர, அங்கே சமூக ஜனநாயகக் கட்சியே பிரதமர் பதவியை வகித்தது. நாடு ஒரு நல்ல வீட்டைப் போல் இருக்க வேண்டும், அந்த வீட்டில் செல்லப் பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்பது அக்கட்சித் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சனின் கருத்து. எதிர்ப்புறத்தில் இருந்தவர்கள் ஒரே கட்சியாக இல்லை. பழமைவாதிகள், தாராளவாதிகள், விவசாயிகள் என்று பிரிந்து கிடந்தார்கள். 1976-இல் அவர்கள் ஒன்றுசேர்ந்து ஆட்சிக்கு வந்தபோதும் ஓய்வூதியத்தையும் மருத்துவ வசதியையும் கலைக்கத் துணியவில்லை. 2006-இல் ஃபிரெட்ரிக் ரைன்ஃபெல்ட் என்பவர் பழமைக் கட்சியை வெற்றிக்குக் கொண்டுவந்தார். அப்போது அவர் தம் கட்சிக்குச் சூட்டிக்கொண்ட அடைமொழி என்ன தெரியுமா? "புதிய தொழிலாளர் கட்சி" என்பதுதான்! தொழிலாளியின் பேச்சைக் கற்றுக்கொண்ட பிறகே பழமைக் கட்சிக்கு அங்கே கதவு திறந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

நம் நாடு முழுவதையும் சமூக ஜனநாயக நாடு என்று சொல்ல முடியாது. ஆனால் பினாங்கு மாநிலம், அதிலும் ஜார்ஜ்டவுன் நகரம், தொழிலாளர் கட்சிகளின் பக்கம் மீண்டும் மீண்டும் சாய்ந்த இடம். அந்த நகரத்தின் நடுவே இருப்பது டத்தோ கிராமாட். தைப்பூச இரதம் தண்ணீர்மலைக்குப் போகும்போது கடந்து செல்லும் சாலை என்றால் நம் மக்களுக்கு உடனே விளங்கும். இங்கேதான் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் என்ற ஈயம் உருக்கும் ஆலை நெடுங்காலம் இயங்கியது. ஆலை இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. ஆலைத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், நகராட்சிக் கூலிகள், சிறு கடைக்காரர்கள் என்று உழைத்துப் பிழைப்பவர்கள் நெருங்கி வாழ்ந்த நகரம் அது.

மலாயாவில் முதல் உள்ளூர்த் தேர்தல் நடந்ததும் இந்த நகரத்தில்தான். 1951-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், நகராட்சி மன்றத்தின் 15 இடங்களில் 9 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். படித்த நடுத்தர வகுப்பினரின் ராடிக்கல் கட்சி 6 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து நகராட்சித் தேர்தலில் வென்றன. 1954-இல் மலாயா இந்தியர் காங்கிரசும் சேர்ந்தது. இப்படிப் பிறந்ததுதான் கூட்டணிக் கட்சி. அரச மரபையும் நிலவுடைமையையும் காக்கும் மலாய்த் தலைவர்கள், வணிகம் செழிக்க வேண்டும் என்ற சீனச் செல்வர்கள், இருவரோடும் இணங்கிப் போனால்தான் நம்மவர்க்கு இடம் கிடைக்கும் என்று கருதிய இந்தியத் தலைவர்கள் ஆகியோர் அதில் ஒன்றுகூடினார்கள். தங்களைப் பழமைவாதிகள் என்று அவர்கள் அழைத்துக்கொள்ளவில்லை. ஆயினும் செய்த அரசியல் அதுவே.

1955 ஜூலையில் நடந்த பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி வென்றது. அந்தத் தேர்தலில் வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு மேல் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தோட்டத்தில் பால்வெட்டிய நம் தாத்தா பாட்டிமாரில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. ஆகவே வாக்கும் இல்லை. வாக்கு இல்லாதவனைத் தேடி எந்தக் கட்சியும் லயத்துக்கு வராது என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஜார்ஜ்டவுனில் நிலைமை வேறாக இருந்தது. பினாங்கு நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுள் ஒன்று. அங்கே பிறந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்ற தகுதி பெற்றிருந்தார்கள். அவர்களில் வாக்குரிமை பெற்றவர்கள் மிகுதி. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரமாயிற்று. நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே அது மாநகரம்! அதன் முதல் மேயர் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த ஒரு தமிழர், டி. எஸ். ராமநாதன். அவர் பெயரில் ஒரு சாலை பினாங்கில் இன்றும் உண்டு. மாநகர் மன்றத்தின் கையில் மின்சாரம் இருந்தது, குடிநீர் இருந்தது, பேருந்து இருந்தது. தெரு விளக்கும் குழாய்த் தண்ணீரும் யாருக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

1957-இல் தொழிலாளர் கட்சியும் மக்கள் கட்சியும் சேர்ந்து சோசலிஸ்ட் முன்னணியை அமைத்தன. 1959 நாடாளுமன்றத் தேர்தலில் டத்தோ கிராமாட் தொகுதியை அந்த முன்னணியின் வழக்கறிஞர் லிம் கீன் சியூ வென்றார். 1964-இல் இந்தோனேசியாவின் மோதல் கொள்கையால் நாடே அஞ்சியிருந்த வேளையில் தேர்தல் வந்தது. கூட்டணி நாட்டுப்பற்றைச் சொல்லி வாக்குக் கேட்டது. 104 இடங்களில் 89-ஐ வென்றது. சோசலிஸ்ட் முன்னணிக்கு நாடு முழுவதிலும் எஞ்சியவை இரண்டே இடங்கள். ஒன்று கோலாலம்பூரை அடுத்த பத்து. மற்றது டத்தோ கிராமாட்! கப்பல் சின்னம் நாடெங்கும் மிதந்துபோன அந்த ஆண்டிலும் இந்த ஊரில் அது கரைசேரவில்லை.

அப்படியானால் பினாங்கு மாநில ஆட்சி 1957 முதல் 1969 வரை கூட்டணியின் வோங் பௌ நீ கையில் எப்படி இருந்தது? நகரம் ஒருபுறம், கம்பங்களும் தோட்டங்களும் மறுபுறம். கடலுக்கு அப்பால் உள்ள செபராங் பிறையில் நெல் விளையும் மலாய்க் கம்பங்கள் அம்னோவின் பக்கம் நின்றன. பத்து காவான், நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் கரும்புக் காலத்திலிருந்தே குடியேறிய தமிழர்களைத் தேடி ம.இ.கா. சென்றது.

இங்கே பழமைக் கட்சியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் தோட்டத்தைக் கூறுபோட்டு விற்றார்கள். துண்டாடல் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு வயிறு கலங்கும். வேலை போகும்; வேலையோடு லயமும் போகும்; லயத்தோடு கோயிலும் பள்ளியும் போகும். 1960-இல் ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்க்கலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று சொன்னார். பினாங்குக்கு அண்டையில், கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் முதலில் வாங்கியது. பால்வெட்டுபவனே தோட்டத்தில் பங்குதாரன் ஆனான். சற்று எண்ணிப் பாருங்கள். உழைப்பவர்கள் கூடி நிலத்தை உடைமையாக்கிக்கொள்வது யாருடைய கொள்கை? சோசலிஸ்டுகள் மேடையில் பேசியதை, பழமைக் கூட்டணியின் அமைச்சர் ஒருவர் கூட்டுறவு வழியில் செய்துகாட்டினார். அதனால்தான் தோட்டங்களில் அவர் பெயர் நிலைத்தது.

ஆனால் நகரத்தில் கூட்டணி வேறு வழியை எடுத்தது. 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1966-இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் முதலமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. நிருவாகக் கோளாறுகள் என்று குற்றம் சாட்டப்பட்டது. எதிர்க்கட்சி ஆளும் மன்றம் ஆளும் கட்சிக்கு முள்ளாக உறுத்தியதும் உண்மை. உள்ளாட்சி மன்றங்களை ஆராய அரசு ஒரு ஆணையத்தை அமைத்தது. அதன் தலைவர் ம.இ.கா.வின் மூத்த தலைவர்களுள் ஒருவரான செனட்டர் ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே தொடர வேண்டும் என்று 1968-இல் முடிந்த அவருடைய அறிக்கை பரிந்துரைத்தது. தம் கூட்டணிக்கு இனிக்காத உண்மையை எழுதிய அந்தத் தமிழரை நாம் பெருமையோடு நினைக்கலாம். அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

வாக்கை நிறுத்தினால் மனக்குறை நின்றுவிடுமா? 1967 நவம்பரில் பிரிட்டிஷ் பவுனின் மதிப்பு குறைந்தபோது, பழைய மலாயா வெள்ளியின் மதிப்பும் 85 காசுக்கு இறங்கியது. பானையிலும் பெட்டியிலும் பழைய காசைச் சேர்த்துவைத்த ஏழைகளுக்கு அது பேரிடி. தொழிலாளர் கட்சி கடையடைப்புக்கு அழைத்தது; பினாங்கில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கூடவே, தீர்வையில்லாத் துறைமுகம் என்ற பினாங்கின் பழைய சிறப்பும் பறிபோகத் தொடங்கியது. துறைமுகம் ஓய்ந்தால் நகரத்தில் அடுப்பு எரியாது.

1969 தேர்தலைத் தொழிலாளர் கட்சி புறக்கணித்தது. அது விட்ட இடத்தை 1968-இல் தோன்றிய கெராக்கான் நிரப்பியது. அதன் பினாங்குத் தலைவர் டாக்டர் லிம் சொங் யூ புதியவர் அல்லர். ராடிக்கல் கட்சியில் இருந்தவர். பிறகு மலாயாச் சீனர் சங்கத்தின் தலைவராகவே இருந்தவர். 1959-இல் தொகுதிப் பங்கீட்டில் துங்குவோடு மாறுபட்டு, பின்னர் வெளியேறியவர். 1969 மே 10-ஆம் நாள் மாநிலச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16-ஐக் கெராக்கான் வென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்ட கூட்டணிக்குக் கிடைத்தவை நான்கு. டத்தோ கிராமாட் நாடாளுமன்றத் தொகுதியை வென்றவர் வீ. டேவிட். தொழிற்சங்கத்திலேயே வளர்ந்த தமிழர். முதலாளிகளும் அரசும் அஞ்சிய பேச்சாளர். பிற்காலத்தில் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச் செயலாளர். சீனர் மிகுதியாக வாழ்ந்த தொகுதி, தமிழ்த் தொழிற்சங்கவாதி ஒருவரைத் தேர்ந்தெடுத்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

அதன் பிறகு நடந்ததுதான் வரலாற்றின் சுவையான திருப்பம். மே 13 கலவரத்திற்குப் பின் வந்த துன் ரசாக் ஆட்சி, எதிரியை வெல்வதைவிட வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது நன்று என்று எண்ணியது. 1972-இல் பினாங்கில் கெராக்கானும் கூட்டணியும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. டாக்டர் தான் சீ கூன் போன்ற கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் அதற்குள் கெராக்கானை விட்டு விலகியிருந்தார்கள். 1974-இல் தேசிய முன்னணி பிறந்தது. கப்பலுக்குப் பதில் தராசு வந்தது. டத்தோ கிராமாட் நாடாளுமன்றத் தொகுதி அதே ஆண்டு எல்லை மாற்றத்தில் மறைந்தது. சட்டமன்றத் தொகுதியாக அந்தப் பெயர் பின்னர் வாழ்ந்தது.

பழமைக் கூட்டணி பினாங்கில் பிழைத்தது, எதிர்க்கட்சியின் ஆட்களோடு அதன் வேலைத் திட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டதால்தான். லிம் சொங் யூ 1990 வரை முதலமைச்சராக இருந்தார். 1972 முதல் பாயான் லெப்பாசில் தீர்வையில்லாத் தொழில் வட்டாரம் எழுந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தணிந்தது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் பால்வாளியை விட்டுவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி மின்னணுச் சில்லு பொருத்தப் போனார்கள். சம்பளம் குறைவுதான், சங்கம் அமைப்பதும் எளிதாக இல்லை. ஆனாலும் மாதம் பிறந்தால் கையில் காசு இருந்தது. அந்தக் காசுதான் தராசுக்கு விழுந்த வாக்கு.

எதிர்ப்புறத்தில் ஜனநாயக செயல் கட்சி வளர்ந்தது. 1966-இல் பதிவாகி, 1967-இல் செத்தாப்பாக் அறிக்கையின் வழியே ஜனநாயக சோசலிசமே தன் கொள்கை என்று அறிவித்த கட்சி அது. 1990-இல் 33 சட்டமன்ற இடங்களில் 14-ஐ வென்று, முதலமைச்சர் லிம் சொங் யூவையே வீழ்த்தியது. ஐந்தே ஆண்டுகளில், பொருளாதாரம் செழித்திருந்த 1995-இல், அதே கட்சிக்கு ஒரே ஓர் இடம்தான் எஞ்சியது. பினாங்கு மக்கள் சோசலிசத்திற்குத் தாலி கட்டிக்கொண்டவர்கள் அல்லர் என்பது இதனால் விளங்கும். வேலையும் விலைவாசியும் யார் கையில் ஒழுங்காக இருக்கின்றன என்று பார்த்தே வாக்களித்தார்கள்.

பிறகு தராசு ஏன் சாய்ந்தது? நீண்ட நாள் வென்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடும். நாடெங்கும் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பத்து காவானில் இன்று பாலமும் ஆலைகளும் நிற்கின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர் நகர ஓரங்களில் புறம்போக்கு வீடுகளில் ஒதுங்கினார்கள். சம்பந்தன் காலத்தில் துண்டாடலுக்கு ஒரு மருந்து கண்ட கட்சி, இந்தப் புதிய துண்டாடலுக்குப் போதிய மருந்து தரவில்லை. 2007 நவம்பர் 25-ஆம் நாள் இண்ட்ராப் பேரணியில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டார்கள். 2008 மார்ச் 8-ஆம் நாள் பினாங்கில் தேசிய முன்னணி 40 இடங்களில் 11-ஐ மட்டுமே பெற்றது. அந்தப் பதினொன்றும் அம்னோவுடையவை. சீனர் சங்கம், கெராக்கான், ம.இ.கா. மூன்றுக்கும் சுழியம். டத்தோ கிராமாட் சட்டமன்றத் தொகுதியும் ஜனநாயக செயல் கட்சியின் கைக்குப் போயிற்று. பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில், முதலமைச்சராக இருந்த கோ சூ கூனைத் தோற்கடித்தவர் பேராசிரியர் பி. ராமசாமி. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர்.

தோல்விக்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். தொழிற்சங்கங்கள் நெடுநாள் கேட்டும் கிடைக்காதிருந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2011-இல் நிறைவேறியது. 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்று நடைமுறைக்கு வந்தது. கொண்டுவந்தது தேசிய முன்னணி அரசுதான். வாக்கு கைவிட்டுப் போகும் என்ற அச்சம் வந்ததும் பழமைக் கட்சி மீண்டும் தொழிலாளியின் பேச்சைப் பேசக் கற்றுக்கொண்டது. ஆயினும் பினாங்கில் அது மீளவில்லை; 2018-இல் இரண்டே இடங்கள். 2022-இல் கூட்டரசில் அம்னோவும் ஜனநாயக செயல் கட்சியும் ஒரே அரசில் அமர்ந்தன. 2023 மாநிலத் தேர்தலில் பெரிக்காத்தான் நேசனல் என்ற வேறொரு பழமை அணி 11 இடங்களைப் பெற்றது. ஒரு பழமைக் கட்சி தேய்ந்தால் இன்னொன்று வளரும்.

இந்த எழுபது ஆண்டுக் கதையிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? தொழிலாளர் ஊரில் பழமைக் கட்சி வாழ்வதும் வீழ்வதும், தொழிலாளியின் தேவையை அது எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. சம்பந்தனின் கூட்டுறவு, பாயான் லெப்பாசின் வேலைவாய்ப்பு, குறைந்தபட்சச் சம்பளம் ஆகிய மூன்றும் அதற்குச் சான்று. தொழிலாளர் கட்சிகளுக்கும் இதே விதிதான். தம் வாக்காளர் எங்கும் போகமாட்டார் என்று அவர்கள் எண்ணத் தொடங்கினால், அவர்களுக்கும் ஒரு 2008 காத்திருக்கும். ஆக, நம் வாக்கு யாருக்கும் பட்டா எழுதிக்கொடுத்த நிலமாக இருக்கக்கூடாது.

இன்னொன்றும் மிச்சமிருக்கிறது. 1951-இல் ஜார்ஜ்டவுன் மக்கள் பெற்ற உள்ளாட்சி வாக்கு 1965-இல் நின்றது நின்றதுதான். பினாங்கு அரசு 2012-இல் அதை மீட்கச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாய்க்காலும் குப்பையும் தெரு விளக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால், நாம் தேர்ந்தெடுக்காத ஒருவரின் பெயரைத்தான் இன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆதி நாகப்பன் எழுதிய பரிந்துரை இன்னும் காத்திருக்கிறது. அடுத்த முறை எந்தச் சின்னத்தார் வாசலுக்கு வந்தாலும், கூரையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் கேளுங்கள். இதையும் சேர்த்துக் கேளுங்கள்.